தூளியா, தொட்டிலா, பாயா?

பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் பெண்ணுக்காகக் கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்து வீடுகளில் ஓர் அறையை ஒழித்து வைக்கும்போதே, குழந்தையை எங்கே கிடத்துவது என்ற பேச்சு தொடங்கிவிடும். பாட்டி பழைய நூல்சேலையைத் துவைத்து மடித்து வைத்திருப்பார். தாய்மாமன் மரத்தொட்டிலுக்குச் சொல்லியிருப்பார். குழந்தை மருத்துவரோ, சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துங்கள் என்கிறார். என் கட்சி, இரவைப் பொறுத்தவரை மருத்துவர் கட்சி.

தூளியை நான் குறைத்துப் பேசமாட்டேன். அழும் பிள்ளையை அதைப்போல் அடக்குவது வேறில்லை. பூரானும் தேளும் எட்டாத உயரம். ஐப்பசி மழையில் தரை ஈரம் கோக்கும் ஓட்டு வீட்டில் அது பெரிய வசதி. ஆனால் தூளியில் குழந்தையின் முதுகு வளைகிறது. கழுத்து நிற்காத பிள்ளைக்குத் தலை முன்னே சாய்ந்து, முகவாய் நெஞ்சில் அழுந்தினால் மூச்சுப்பாதை குறுகும், சத்தமே வராது. அமெரிக்காவில் 10 பாகைக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை 2022இல் சட்டம் போட்டுத் தடுத்ததற்குப் பின்னால் இருந்த கவலையும் இதுதான். சேலையை விரித்துப் பிடிக்கக் குறுக்குக் கட்டை போட்டால் காற்று வரும், வளைவு முழுதும் போகாது. ஆகவே பகலில், பக்கத்தில் ஒருவர் கண் வைத்திருக்கும்போது மட்டும் தூளி. பழைய வீட்டு உத்திரத்தில் ஊஞ்சல் கொக்கி இருந்தால் அதில் கட்டலாம். மின்விசிறிக் கொக்கியில் கட்டவே கூடாது.

மரத்தொட்டிலின் அடி சமமாக இருந்தால் நல்லதுதான். கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, ஆடாமல் நிறுத்தும் பூட்டு வேண்டும். சிறிய அறையில் பாதியை அடைத்துக்கொள்ளும். பிள்ளை பிடித்து நிற்கத் தொடங்கிவிட்டால் அதன் காலம் முடிந்தது.

மரத்தொட்டிலைவிடச் செலவு குறைந்தது, கோரைப்பாய்மேல் விரித்த மெல்லிய, கெட்டியான மெத்தை. அம்மா கைநீட்டும் தூரத்தில், ஆனால் அவள் படுக்கையில் அல்ல, குழந்தைக்கென்று தனி இடம். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் அதில் வேண்டாம். இரவில் பால் கொடுக்க இதைவிடச் சுலபம் இல்லை. தமிழக அரசு 2015இல் தொடங்கிய 16 பொருள் குழந்தைநலப் பெட்டகத்தில் கொசுவலையோடு கூடிய சிறு மெத்தையும் சேர்க்கப்பட்டது. வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஊர்களில் அந்த வலையின் அருமை தெரியும்.

இதற்கும் குறை உண்டு. அறுவைசிகிச்சை ஆன பெண்ணைத் தரையிலிருந்து இரவில் நாலு முறை எழச் சொல்வது கொடுமை. 'நாங்களெல்லாம் பாயில்தானே படுத்தோம்' என்று பெரியவர்கள் சொன்னால் அவளுக்காக வீட்டில் யாராவது பேச வேண்டும். அவளுக்குத் தாழ்வான கட்டிலும், அதை ஒட்டி அதே உயரத்தில் சுற்றிலும் தடுப்புள்ள தொட்டிலும் போட்டுவிடலாம். மரத்தொட்டிலுக்குச் செலவழிப்பதில் எனக்கு முழு உடன்பாடு அந்த வீட்டில்தான். மழைக்காலத்தில் தரையில் படுத்தாலோ, பாய்க்கு அடியில் தார்ப்பாய் விரித்து, வலையின் ஓரத்தை மெத்தைக்குக் கீழே நான்கு பக்கமும் செருகி, பூரானும் தேளும் நுழையாதபடி வாசற்படிக்கும் கதவுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பிரசவத்துக்கு முன்பே தச்சரை வைத்து அடைத்துவிடுங்கள்.