சிங்கப்பூர் – நியூயார்க்: நடுவில் இறங்காத பயணம்

15,300 கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஏறத்தாழ 18½ மணி நேரம். முன்பெல்லாம் பிராங்ஃபர்ட்டில் இறங்கி ஏறித்தான் மகள் வீட்டுக்குப் போவேன். இம்முறை சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நேரடி விமானம். ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர், அதாவது மிக நெடுந்தூரம் பறப்பதற்கான வகை. மொத்தமே 161 இருக்கை, எகானமி வகுப்பே கிடையாது. அதனால் டிக்கெட் விலை கையைக் கடிக்கும்.

எகானமிக்கும் பிசினஸுக்கும் இடைப்பட்ட வகுப்பான பிரீமியம் எகானமியில் வால் பக்கம் போய்ப் பாருங்கள். விமானத்தின் உடல் அங்கே குறுகுவதால் சன்னலோரத்தில் ஒற்றை இருக்கைகள் உண்டு. பக்கத்து ஆளை எழுப்பாமல் கழிப்பறைக்குப் போய்வரலாம். சன்னலை ஒட்டிய பெட்டியில் சால்வை, மாத்திரை எல்லாம் அடங்கிவிடும். என் வயதுக்கு அது பெரிய சொத்து!

போகும்போது பசிபிக் மேலே வீசும் மேற்குக் காற்று விமானத்தைத் தள்ளிக்கொடுக்கும். கால் வீங்காமல் இருக்க அவ்வப்போது எழுந்து நடந்துவிடுங்கள். முட்டிவலிக்காரர்கள் தாராளமாகப் போகலாம்.