கெட்டுப்போன எஸ்க்யூலைட் கோப்பும் ரிகவர் கட்டளையும்

மளிகைக் கடைகளின் பில்லிங் மென்பொருளைப் பராமரிப்பது என் வேலை. 'டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்ட்' (தரவுக் கோப்பு கெட்டுவிட்டது) என்று திரையில் வந்துவிட்டால் கடைக்காரர் கூப்பிடுவது என்னைத்தான். விசாரித்தால், பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே கோப்பைப் பென்டிரைவில் காப்பி எடுத்து, அதைப் புதுக் கணினியில் வைத்திருப்பார்கள். அப்படி வந்த ஒரு கோப்பில், எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் ரிகவர் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன்; கெட்ட கோப்பிலிருந்து தரவை மீட்பதுதான் அதன் வேலை. இலவசம்தான், 2019இல் வந்த 3.29 பதிப்பிலிருந்து கமாண்ட் லைன் கருவியோடே வருகிறது. ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

முன்பெல்லாம், தரவு முழுவதையும் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் மொழி) கட்டளைகளாக எழுதித் தரும் டம்ப்தான் கதி. அது நடுவில் பிழையைக் கண்டால், எழுதும் எஸ்க்யூஎல்லின் கடைசி வரியில் 'ரோல்பேக்', அதாவது இதுவரை செய்ததை எல்லாம் ரத்து செய் என்று போட்டுவிடும். கவனிக்காமல் புதுக் கோப்பில் ஏற்றினால் ஒரு பில்கூட மிஞ்சாது.

ரிகவர் கோப்பைப் பக்கம் பக்கமாக நேரடியாகத் துழாவுகிறது. எந்த டேபிளுடையது (தரவு அட்டவணையுடையது) என்று தெரிந்த வரிகள் அந்தந்த டேபிளுக்கே போய்விடும். சொந்தம் தெரியாதவை 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற தனி டேபிளில் குவியும். நம் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. காலம்களுக்கு (நெடுவரிசைகளுக்கு) அங்கே பெயர் இருக்காது. சி0, சி1, சி2 என்றுதான் நிற்கும். எது விலை, எது எடை என்று மதிப்பைப் பார்த்துக் கணிக்க வேண்டும். ரூட் பக்க எண் (டேபிள் தொடங்கும் பக்கத்தின் எண்) என்று ஒரு காலம் இருப்பது பெரிய உதவி: ஒரே எண் உள்ள வரிகள் பெரும்பாலும் ஒரே டேபிளிலிருந்து வந்தவை.

குறைத்த அந்த ஒரு மதிப்பெண் எதற்கு? முன்பே அழித்த வரிகளும் சில சமயம் உயிரோடு திரும்பி வந்துவிடுகின்றன. பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போனவர் மறுபடி கடன்காரராக நின்றால் கடைக்காரர் யாரைக் கேட்பார்? காலி என்று குறிக்கப்பட்ட பக்கங்களைத் துழாவாமல் விடும் 'இக்னோர் ஃப்ரீலிஸ்ட்' விருப்பத்தைக் கொடுத்தால் இது குறையும். ஆனால் கோப்பின் காலிப் பக்கப் பட்டியலே கெட்டிருந்தால், நல்ல வரிகளும் அதோடு போகலாம். எப்படி எடுத்தாலும் கடன் கணக்கை நோட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

வரிகளை வேகமாகத் தேட உதவும் இன்டெக்ஸ் மட்டும் கெட்டிருந்தால் இவ்வளவு பாடு வேண்டாம். கோப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் இன்டெக்ரிட்டி செக் கட்டளையை ஓட்டுங்கள். இன்ன இன்டெக்ஸில் வரி இல்லை என்று மட்டும் புகார் வந்தால் இன்டெக்ஸை மறுபடி கட்டும் ரீஇன்டெக்ஸ் கட்டளையே பெரும்பாலும் போதும். அப்புறம், எதைச் செய்தாலும் நகலில் செய்யுங்கள். மென்பொருளை மூடிவிட்டு நகல் எடுங்கள்; பக்கத்தில் 'வால்' (-wal) அல்லது 'ஜர்னல்' (-journal) என்று பெயர் முடியும் கோப்பு கிடந்தால் அதையும் சேர்த்தே எடுங்கள். கடைசியாகப் போட்ட பில்கள் அந்த வால் கோப்பில் இருக்கலாம்.