காடழிக்காத சோயா, பாமாயில், கொக்கோ: நான்கு வழிகள், நான்கு ஓட்டைகள்

வெப்பமண்டலக் காடுகளை விளைநிலமாக்குவதைத் தடுக்க இன்று நடைமுறையில் இருப்பவை நான்கு வழிகள்: தனியார் சான்றிதழ், வணிகர்களின் கொள்முதல் தடை, இறக்குமதி செய்யும் நாட்டின் சட்டம், வட்டாரம் முழுவதற்குமான பொறுப்பு. சான்றிதழ் பண்ணையை அளக்கிறது, கொள்முதல் தடை பயிரை, சட்டம் சரக்கை, கடைசி வழி நிலப்பரப்பை. அளக்காமல் விட்ட பக்கமாகத்தான் காடு போகும். அதனால் எது நல்லது என்று மொத்தமாகக் கேட்பதைவிட, எந்தப் பயிருக்கு எது பலிக்கும் என்று பார்ப்பதே சரி.

சான்றிதழ்

பாமாயிலுக்குச் சான்று தரும் ஆர்.எஸ்.பி.ஓ. (நீடித்த பாமாயிலுக்கான வட்டமேசை அமைப்பு) 2004இல் தொடங்கியது. 2005 நவம்பருக்குப் பிறகு முதன்மைக் காட்டையும் உயர் பாதுகாப்பு மதிப்புள்ள (அரிய உயிரினம், நீர்வளம் போன்றவற்றுக்காகக் காக்க வேண்டிய) இடங்களையும் அழித்து நடக்கூடாது என்பது பழைய விதி. மற்றக் காடுகளுக்கும் பூட்டுப் போட்டது 2018இல் வந்த திருத்தம்தான். சதுப்புக்கரி நிலத்தில் (செத்த செடிகொடி முழுதும் மக்காமல் படிந்த ஈரநிலத்தில்), கரியின் ஆழம் எவ்வளவாக இருந்தாலும், புதிதாக நடவும் அப்போதிருந்து தடை. ஏற்கெனவே நட்டிருந்தால் நிலத்தடி நீர் மட்டத்தைத் தரையிலிருந்து 40 முதல் 60 செ.மீ.க்குள் வைத்திருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் கரி காய்ந்து, மக்கி, நிலமே அமிழும். தீயும் எளிதில் பற்றும். வாய்க்கால்களில் தடுப்பணை, வயலில் அளவுக்குழாய் என்று இந்த அளவுக்கு நுணுக்கமாக வயலுக்குள் இறங்குவது நான்கில் சான்றிதழ் மட்டுமே.

வாங்குபவர் ஏமாறுவது வேறிடத்தில். சான்றிதழ் எண்ணெய் நான்கு விதமாக விற்கப்படுகிறது: ஒரே ஆலையிலிருந்து பிரித்து வருவது, பல சான்றிதழ் ஆலைகளின் எண்ணெயை மட்டும் சேர்ப்பது, சாதாரண எண்ணெயோடு கலந்துவிட்டுக் கணக்கில் மட்டும் அளவைக் காப்பது, எண்ணெயே வராமல் வெறும் வரவுப் பத்திரம் வாங்குவது. ஒப்பந்தத்தில் 'சான்றளிக்கப்பட்டது' என்று மட்டும் எழுதினால் கடைசி இரண்டில் ஒன்றுதான் கைக்கு வரும்; விலை குறைவு என்பதால் விற்பவர் அதைத்தான் தருவார். முதல் இரண்டுக்கும் தனித் தொட்டி, தனிக் குழாய், தனி லாரி வேண்டும்.

சிறு விவசாயி இங்கே தடுக்கி விழுகிறார். அறுத்த எண்ணெய்ப்பனைக் குலை ஒரு நாளுக்குள் ஆலை சேராவிட்டால் எண்ணெயைக் கெடுக்கும் தனிக் கொழுப்பு அமிலம் ஏறும். எண்ணெயில் 5 விழுக்காட்டைத் தாண்டினால் விலை அடிபடும். அதனால் லாரியோடு வரும் தரகரிடமே விற்கிறார். அந்த லாரியில் பல தோட்டங்களின் குலைகள் ஒன்றாகக் கலந்துவிடும். தணிக்கைச் செலவைத் தனியாளாக அவரால் தாங்கவும் முடியாது. குழுவாகச் சான்று பெறலாம். ஆனால் உர விலையோ ஊக்கத்தொகையோ குறிப்பிட்ட ஆலையோடு கட்டிப்போடாவிட்டால் உறுப்பினர்கள் மறுபடி தரகரிடமே போய்விடுவார்கள்.

கொள்முதல் தடை

பிரேசிலின் அமேசான் சோயாவில் இது பலித்தது. 2006 ஜூலையில் பெரிய வணிக நிறுவனங்கள், புதிதாக அழித்த காட்டில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று ஒப்பந்தம் போட்டன. முந்தைய இரண்டு ஆண்டுகளில் சோயா விரிவாக்கத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு காட்டை அழித்து வந்தது. 2014இல் அது 1 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. வாங்குபவர்கள் ஒரு கைப்பிடி, வயல்கள் செயற்கைக்கோளுக்குத் தெரியும் அளவு பெரியவை. இவ்விரண்டும்தான் காரணம்.

ஓட்டையும் இதே அமைப்பில்தான். காட்டை வெட்டி மேய்ச்சலாக்கினால் கண்காணிப்பில் வராது. பக்கத்திலிருக்கும் செர்ராடோ புல்வெளிக் காடு ஒப்பந்தத்துக்கு வெளியே. பிரேசிலின் வனச் சட்டப்படி அமேசான் காட்டு நிலத்தில் 80 விழுக்காட்டைக் காடாகவே வைக்க வேண்டும். செர்ராடோவின் பெரும்பகுதியில் 20 விழுக்காடு போதும். அதாவது, மீதியைச் சட்டப்படியே வெட்டலாம். வெட்டும் உரிமையைச் சட்டம் தந்த பிறகு சந்தை ஏன் தடுக்கிறது என்ற விவசாயிகளின் கோபம் நியாயமற்றதல்ல. 2025 ஆகஸ்டில் பிரேசிலின் வணிகப் போட்டி ஆணையம் இந்த ஒப்பந்தத்தை நிறுத்தச் சொல்லி, விவகாரம் நீதிமன்றம் ஏறியது.

இறக்குமதிச் சட்டம்

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய சட்டம் மாடு, கொக்கோ, காபி, எண்ணெய்ப்பனை, ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழுக்கும். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்து விளைச்சல் உள்ளே வரக்கூடாது. அமலாகும் தேதி இருமுறை தள்ளிப்போய்விட்டது. மேலே சொன்ன கணக்குக் கலப்பு இங்கே செல்லாது. தெரியாத மூலத்தோடு கலந்தால் முழுச் சரக்கும் போச்சு.

வேலை முழுவதும் வரைபடத்தில். 4 ஹெக்டேருக்கு மேல் என்றால் நிலத்தின் எல்லைக்கோடு முழுவதும், குறைந்தால் ஒரே புள்ளி. இரண்டிலும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் தசமத்துக்குப் பின் ஆறு இலக்கம். ஆறாவது இலக்கத்தின் அளவு சுமார் 11 செ.மீ. ஆனால் கொக்கோ நிழலுக்குள் கைப்பேசியின் ஜி.பி.எஸ். பல மீட்டர் பிசகும். அதனால் மூலைகளில் நின்று அளவு நிலைப்பட்ட பிறகே பதிய வேண்டும். இந்த எல்லைகளைப் பதியும் ஜியோஜேசன் என்ற கோப்பு வடிவத்தில் தீர்க்கரேகைதான் முதலில் வரும். மாற்றி எழுதினால், வடக்கு 6 மேற்கு 6இல் இருக்கும் ஐவரி கோஸ்ட் தோட்டம் அட்லாண்டிக் கடலில் போய் விழும். தொடங்கிய புள்ளியிலேயே கோடு முடியாததும், கோடு தன்னையே வெட்டுவதும், அடுத்தவர் நிலத்தின்மேல் ஏறுவதும் அடிக்கடி நடப்பவை. இன்னொரு சிக்கல்: நிழல்மரம் அடர்ந்த கொக்கோத் தோட்டத்தைச் செயற்கைக்கோள் வரைபடம் காடு என்று காட்டிவிடும். மர வயதைக் காட்டும் தேதியிட்ட படங்கள் கையில் இல்லாவிட்டால் ஒழுங்காகப் பயிரிட்டவர்தான் மாட்டுவார்.

ஓட்டை வெளிப்படை. காடழிக்காத நிலத்துக் கொக்கோ, சோயா மணி ஐரோப்பாவுக்கு, மற்றது வேறு சந்தைக்கு. செர்ராடோவின் பெரும்பகுதி இந்தச் சட்டம் சொல்லும் 'காடு' வரையறைக்குள்ளும் வராது.

வட்டாரப் பொறுப்பு

2008இல் பிரேசில் அரசு அதிகம் காடழித்த நகராட்சிகளைப் பட்டியலிட்டு இறுக்கியது. பட்டியலிலிருந்து வெளியே வர, தனியார் நிலத்தில் 80 விழுக்காடு சுற்றுச்சூழல் நிலப் பதிவேட்டில் ஏற வேண்டும், ஆண்டுக் காடழிப்பு 40 சதுர கி.மீ.க்குள் வேண்டும். பரா மாநிலத்தின் பரகோமினாஸ் 2010இல் முதலாவதாக வெளியேறியது. பக்கத்து நிலக்காரர் வெட்டினாலும் எனக்கு நட்டம் என்பதால் இது வேலை செய்கிறது. ஆட்சி மாறினால் தளர்ந்துவிடும் என்பது இதன் நோய். ஆனாலும் குலையும் மணியும் கலந்துவிடும் சிறு தோட்டப் பகுதிகளுக்கு இதையே முதலில் வைக்கலாம்; சான்றிதழை ஆலைக்கும் கரி நிலத்துக்கும் ஒதுக்கலாம்.

மாட்டுக்கு மட்டும் நான்குமே தனியாகப் போதாது. பிரேசிலில் கன்று ஒரு பண்ணையில் பிறந்து, இன்னொன்றில் வளர்ந்து, மூன்றாவதில் கொழுக்கிறது. இறைச்சிக்கூடம் பார்ப்பது கடைசிப் பண்ணையை. போக்குவரத்து அனுமதிச்சீட்டும் மந்தைக்குத்தான், ஒவ்வொரு மாட்டுக்கும் அல்ல. கன்றின் காதில் எண்ணட்டை ஏறும்வரை முதல் பண்ணை யாருக்கும் தெரியாது.