குடும்ப வரலாறு தேட மதுரை நூலகங்கள்: சில வருட அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூலகத்துக்குப் போனால் பூட்டன் பெயர் கிடைத்துவிடும் என்று நினைத்தால் போகாதீர்கள். ஜமீன் வீட்டுக்காரர், வக்கீல் வீட்டுக்காரர் என்றால் எங்காவது அச்சில் பெயர் இருக்கலாம். எங்களைப் போன்ற உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரர்களுக்கு இருக்காது. நம் ஆட்களின் பெயர் இருப்பது பத்திரத்தில், கிராம நிலங்களைப் பதிந்து வைக்கும் பழைய அ-பதிவேட்டில், நிலவரி கட்டிய கிஸ்தி ரசீதில். ஆனால் அந்தக் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு தலையும் புரியாமல் வாலும் புரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நூலகத்தை விட்டால் கதியில்லை.

எங்கள் வீட்டில் ஒரு அடமானப் பத்திரம் இருக்கிறது. ‘தாது வருஷம் ஆவணி மாதம்’ என்று தொடங்கும். அதை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பூட்டன் கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கைத் தோட்ட வேலைக்குப் போனார் என்பது அப்பத்தா சொன்ன கதை. தாது வருஷம் என்றாலே நம் ஊரில் பஞ்சம்தான் ஞாபகத்துக்கு வரும். பெரியப்பா அதை 1876 என்று முடிவுகட்டி, குலதெய்வக் கோயில் கும்பாபிஷேக மலரிலும் போட வைத்துவிட்டார். நூலகத்தில் பழைய பஞ்சாங்கங்களை வாங்கிப் பார்த்தேன். 60 வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். 1876ல் வந்த தாது 1936லும் வந்தது, 1996லும் வந்தது. பத்திரத்தின் முத்திரைத் தாளில் இருப்பது விக்டோரியா ராணியின் தலை இல்லை, ஜார்ஜ் மன்னரின் தலை. அதே காகிதக் கட்டுக்குள் இருந்த கிஸ்தி ரசீதில் பசலி 1346 என்று இருந்தது. பசலி என்பது நிலவரிக் கணக்கு வருடம். பசலியோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருடம் வரும். ஆக 1936 ஜூலையில் தொடங்கிய பசலி. சந்தேகத்துக்கு இடமே இல்லை. பெரியப்பா மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. “நீ படிச்சவன், அப்பிடித்தான் சொல்லுவ” என்கிறார். மலரில் அச்சாகிவிட்டதே, பாவம்.

வருடம் சரியாக அமைந்த பிறகுதான் மற்ற புத்தகங்களால் பிரயோஜனம். தோட்ட வேலைக்கு ஆட்கள் இலங்கை போவதை இந்திய அரசு 1939ல் தடுத்துவிட்டது. பூட்டன் அதற்கு மூன்று வருடம் முந்திக்கொண்டார். தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேய்த்த கங்காணி முறை, தொழிலாளர்களை நிறுத்திவைத்து உடம்பைச் சோதித்த மண்டபம் முகாம், 1914ல் தொடங்கிய தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தேன். “மண்டபத்துல அடச்சு வச்சாக” என்று அப்பத்தா அடிக்கடி சொல்வதற்கு இடமும் காரணமும் கிடைத்தன. 1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த பங்காளி வீட்டில் நம்மைவிட அதிகக் காகிதம் இருக்கும். அவர்களிடம் கேட்காமல் நூலகத்துக்கு ஓடாதீர்கள்.

மதுரைப் பக்கத்துக்கு இரண்டு பழைய புத்தகங்கள் முக்கியம்: நெல்சன் 1868ல் எழுதிய மாவட்டக் கையேடும், பிரான்சிஸ் 1906ல் எழுதிய கெஜட்டியரும், அதாவது மாவட்ட விவரத் தொகுப்பும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இரண்டாவதே லகுவானது. பாசனம், பஞ்சம், சாலை என்று தனித்தனியாக இருக்கும். கடைசியில் தாலுகா வாரியாக ஊர்களும் இருக்கும். உசிலம்பட்டியைத் திருமங்கலம் தாலுகாவில் தேட வேண்டும். ஆனால் இவை வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதியவை. எங்கள் பகுதி மக்களைப் பற்றிய பக்கங்களைக் கொதிப்பில்லாமல் படிக்க முடியாது. 1920ல் பெருங்காமநல்லூரில் ரேகைச் சட்டத்தை, அதாவது ஆட்களின் கைரேகையைப் பதியச் சொன்ன குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்தவர்களைச் சுட்டுக் கொன்ற ஆட்சியின் கண் அது. ஊர்ப் பெயருக்கும் கால்வாய்க்கும் அதை நம்பலாம், மனிதர்களைப் பற்றிய தீர்ப்புக்கு நம்பக் கூடாது.

எந்த ஆவணத்தைத் தேடினாலும் அந்த வருடத்தில் ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று முதலில் பாருங்கள். ராமநாதபுரம் மாவட்டம் 1910ல்தான் உண்டானது. திண்டுக்கல்லும், ராமநாதபுரத்திலிருந்து சிவகங்கையும் விருதுநகரும் பிரிந்தது 1985ல். தேனி அதற்கும் பிறகு. இது தெரியாமல் தப்பான கட்டைப் புரட்டி நாளைக் கழிப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இடங்களைப் பற்றிக் கேட்பீர்கள். புது நத்தம் சாலையில் 2023ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்க அருமையான இடம். உள்ளூர் சமாச்சாரத்துக்கு நான் முதலில் போவது சிம்மக்கல் மாவட்ட மைய நூலகம். புலவர் பரம்பரை, பழைய தமிழ் அச்சு என்றால் 1901ல் பாண்டித்துரைத் தேவர் தொடங்கிய தமிழ்ச் சங்கத்தையும் அதன் ‘செந்தமிழ்’ இதழையும் விடக் கூடாது. எங்கே போனாலும் மேசைகளில் டிஎன்பிஎஸ்சி பிள்ளைகள்தான் இருப்பார்கள். காலையிலேயே போய்விடுங்கள்.

“குடும்ப வரலாறு வேணும்” என்று கேட்டால் நூலகர் திருதிருவென்று விழிப்பார். அவர் மேல் தப்பில்லை. கெஜட்டியர், பழைய பஞ்சாங்கம், 1951 அல்லது 1961 மாவட்ட சென்சஸ் கையேடு என்று பொருளைச் சொல்லிக் கேளுங்கள். சென்சஸ் கையேட்டில் ஆள் பெயர் இருக்காது. ஊர் ஊராக மக்கள்தொகை இருக்கும். என் நண்பர் ஒருவர் தன் ஊர்க் கண்மாய் பற்றி எழுத அதைத்தான் அடித்தளமாக வைத்தார்.

குறையும் உண்டு. ஒரு நூலகத்தில், எது என்று வேண்டாம், பழைய இதழ்களை பைண்டு செய்தவர் ஓரத்தை வெட்டும்போது தேதியையும் சேர்த்து வெட்டிவிட்டார். பட்டியலில் இருக்கும், அலமாரியில் இருக்காது என்கிற கதையும் சகஜம்.

வீட்டிலிருந்தே பார்க்க, தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் தமிழ் மின்நூலகம் இருக்கிறது, இலவசம். ஒரே சொல்லை இரண்டு மூன்று விதமாக அடித்துத் தேட வேண்டும். ‘வருஷம்’ என்றும் ‘வருடம்’ என்றும் போட்டுப் பாருங்கள். இங்கே இல்லாத அச்சு நூலுக்கு சென்னை கன்னிமாரா நூலகம். கையெழுத்து ஆவணங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம், அதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும்.

இதற்கெல்லாம் தயங்க வேண்டியதில்லை. வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும், 1948 சட்டத்திலிருந்து வருகிறது. நம் காசுதான். போகும்போது பத்திரத்தின் அசலை வீட்டில் வைத்துவிட்டு ஜெராக்ஸ் எடுத்துப் போங்கள். போனில் படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். கிளம்பும் முன் விடுமுறையை விசாரித்துக்கொள்ளுங்கள். பல அரசு நூலகங்களுக்கு வார விடுமுறை ஞாயிறு இல்லை, வெள்ளி.