முரானோ ஸ்டிக்கரோடு பூச்சாடி விற்கிறார்கள், கவனம்

பழைய ஊதுகண்ணாடிச் சாடிகள் சேர்ப்பவர்கள் கொழும்பு காலி வீதிப் பக்கம் போனால் கொஞ்சம் கவனமாக இருங்கள். வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் நடுவில் உள்ள ஒரு பழஞ்சாமான் கடையில், ஒட்டுப்போட்ட சாடி ஒன்றை, ஊதுகண்ணாடிக்குப் பேர்போன இத்தாலியத் தீவான முரானோவில் செய்தது என்று 42,000 ரூபாய்க்கு என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நீலத்துக்கு மேல் தேன் நிறம், அதற்கு மேல் தெளிந்த கண்ணாடி. சொம்மெர்சோ என்பார்கள். ஒரு நிறக் கண்ணாடியை இன்னொரு உருகிய கண்ணாடிக்குள் முக்கியெடுத்து அடுக்கும் முறை. முரானோவில் 1930களில் வந்தது, 1950களில் வடிவமைப்பாளர் ஃபிளாவியோ போலியின் வடிவங்களால் பேர் பெற்றது. “தம்பி, இது ஐம்பதுகளில் செய்தது, கறுவாத்தோட்டத்துப் பழைய வீடு ஒன்றிலிருந்து வந்தது” என்றார் முதலாளி. கொழும்பில் விற்கிற பழஞ்சாமானில் பாதி கறுவாத்தோட்டத்திலிருந்துதான் வருகிறதாம்! உடைந்து ஒட்டியதா என்று நேராகவே கேட்டேன். “சத்தியமா இல்லை” என்றார். வெளிச்சத்தில் பார்க்க வாசலுக்குக் கொண்டுபோகவா என்றால், விழுந்து உடைந்தால் யார் பொறுப்பு என்று மறித்துவிட்டார். சாடிக்கு அடியில் மஞ்சள் பல்ப் வேறு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் எந்தக் கண்ணாடியும் அழகாகத்தான் தெரியும்.

வீட்டில் நோட்டுப் பார்க்கும் புறஊதா ரோச்சை அடித்ததும் கழுத்தைச் சுற்றி நீலவெள்ளையாக ஒரு கோடு மின்னியது. பசை. கண்ணாடி ஒட்டும் பசைகள் பல இந்த ஒளியில் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும். வாய் விளிம்பும் ஒரு பக்கம் பதிந்திருந்தது. உடைந்த சில்லை மறைக்க அரைத்திருக்கிறார்கள், ஆனால் விரிசலின் வால் இன்னும் கீழே நிற்கிறது. பட்டை தீட்டிய அசல் சாடிகளிலும் விளிம்பை வெட்டி மெருகேற்றுவார்கள், அதை வைத்து மட்டும் சந்தேகப்பட வேண்டாம். ஒரு பக்கம் சரிந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

அடிப்பாகம் இன்னும் மோசம். பல வருடம் மேசையில் இருந்த சாடிக்கு, மேசையில் படுகிற வளையத்தில் மட்டும் கீறல்கள் கண்டபடி ஓடும். இதில் உள்குழியிலும் கீறல், அதுவும் எல்லாம் ஒரே திசையில். சாண்ட்பேப்பர் வேலை.

ஸ்டிக்கர்தான் எனக்குப் பெரிய ஆத்திரம். அதில் ‘வெத்ரோ ஆர்திஸ்திகோ முரானோ’ என்ற முத்திரை இருந்தது. முரானோ இருக்கும் வெனெத்தோ மாகாணம் 1994இல் சட்டம் போட்டு உருவாக்கிய அடையாளம் அது. ஐம்பதுகளில் செய்த சாடியில் அது எப்படி வரும்? ஸ்டிக்கர் பிறகு ஒட்டியதாக இருக்க வேண்டும், அல்லது சாடியே புதிதாக இருக்க வேண்டும். எதுவானாலும் அவர் சொன்ன கதையை நம்ப முடியாது.

திருப்பிக் கொண்டுபோனபோது “பழைய சாமான் எண்டா அப்பிடித்தான் இருக்கும், வித்ததை எடுக்கிறேல்ல” என்று முடித்துவிட்டார். பில்லைக் காட்டினேன். அதில் ‘கண்ணாடிச் சாமான் 1’ என்று மட்டும் எழுதியிருந்ததைச் சுட்டிக்காட்டிச் சிரித்தார். முரானோ என்றோ காலம் என்றோ ஒரு சொல் இல்லை. வாங்கும்போது எழுதித் தரச் சொல்லியும் ‘பில் புத்தகத்தில் இடமில்லை’ என்றது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், 1977 என்ற இலக்கத்திலும் விசாரிக்கலாம். படங்களையும் பில்லையும் இணைத்தேன். கடைசியாகப் போனபோது அதே அலுமாரியில் சிவப்பும் பச்சையுமாக இன்னும் இரண்டு சாடிகள் இருந்தன. இரண்டிலும் அதே ஸ்டிக்கர், விலையும் இதைவிடக் கூட.