பதநீரை விற்பதா, காய்ச்சுவதா, கிழங்கு போடுவதா?

சாயல்குடி, உடன்குடிப் பக்கத்தில் ஊர்ப் பிழைப்பை மீட்பது பற்றி நாலு பேர் உட்கார்ந்து பேசினால், பேச்சு பெரும்பாலும் ஓர் ஆலையில் போய் நிற்கும். பதநீரை பாட்டிலில் அடைக்கலாம், சென்னைக்கு அனுப்பலாம், வெளிநாட்டுக்கும் அனுப்பலாம் என்பார்கள். பனை ஏற ஆள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கேள்வி கடைசியில்தான் வரும். இந்த ஊர்களில் மரத்துக்குப் பஞ்சமில்லை, ஏறுகிறவருக்குத்தான் பஞ்சம். ஆகவே எந்த யோசனையையும் இரண்டு அளவுகோலில் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஏறுகிறவர் கைக்கு லிட்டருக்கு எவ்வளவு வருகிறது, எத்தனை நாளில் வருகிறது.

கணக்குக்கு 10 பனையேறிகள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 25 மரம். காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவினால், நல்ல பருவத்தில் மரத்துக்குச் சராசரி 3 லிட்டர் என்று ஒருவருக்கு நாளொன்றுக்கு 75 லிட்டர், பத்துப் பேருக்கு 750 லிட்டர். மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரை போகும். கீழே வரும் விலைகள் கணக்குப் போட எடுத்த மாதிரி விலைகள்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

கருப்பட்டியும் பச்சைப் பதநீரும்

போட்டியே இந்த இரண்டுக்கும்தான். 8 லிட்டர் பதநீருக்கு 1 கிலோ கருப்பட்டி, பருவக் கடைசியில் 10 லிட்டர்கூட ஆகும். 75 லிட்டருக்கு ஏறக்குறைய 9 கிலோ. கிலோ 300 ரூபாய் என்றால் 2,700. இதில் விறகு போக வேண்டும். ஒரு கிலோ எடுக்க 7 லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும். திறந்த அடுப்பில் அதற்கு 7 கிலோ விறகு போய்விடும். 9 கிலோவுக்கு 63 கிலோ, கிலோ 5 ரூபாய் என்றால் 315. விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் குடிசையில், அடுப்படியில் நாலைந்து மணி நேரம் வேகும் பெண்ணின் கூலியை யாரும் நோட்டில் எழுதுவதில்லை. அதை எழுதாத கணக்கு பொய்க்கணக்கு. 500 என்று போடுங்கள். மிச்சம் 1,885, அதாவது லிட்டருக்கு 25 ரூபாய்.

அதே பதநீரைப் பச்சையாக லிட்டர் 50 ரூபாய்க்கு விற்றால் இரட்டிப்பு. ஆனால் சாலையோரம் ஓலைப் பட்டையில் ஊற்றிக் குடிக்க வருகிறவர்கள் காலை பத்து, பதினொரு மணி வரைதான் வருவார்கள். 75 லிட்டரையும் கொண்டுபோய் 38 லிட்டருக்குக் கீழே விற்றால், மொத்தத்தையும் காய்ச்சியதைவிட நட்டம். மிஞ்சியதை மதியம் திருப்பிக் கொண்டுவந்து காய்ச்சலாமே என்றால், அங்கேதான் கோளாறு. வெயிலில் நின்ற பதநீர் லேசாகப் புளித்திருக்கும், அதில் சர்க்கரை உடைந்திருக்கும். அந்தப் பாகு சிரட்டையில் ஊற்றினால் இறுகாது. இறுகினாலும் ஐப்பசி ஈரக்காற்று பட்டதும் கசிந்து இளகிவிடும். ஆகவே விற்கப் போகிறதையும் காய்ச்சப் போகிறதையும் மரத்தடியிலேயே பிரித்துவிட வேண்டும். ஆளுக்கு 20 லிட்டர் கடைக்கு, மீதி நேரே காய்ச்சும் கொப்பரைக்கு. சனி, ஞாயிறில் கடைப்பங்கைக் கூட்டிக்கொள்ளலாம்.

கருப்பட்டியின் தரம் அடுப்பில் தீர்மானமாவதில்லை, பதநீர் பிடிக்க மரத்தில் கட்டும் கலயத்தில் தீர்மானமாகிறது. ஒவ்வொரு முறையும் கலயத்தைக் கழுவிக் காயவைத்து உட்புறம் முழுக்கச் சுண்ணாம்பு தடவ வேண்டும். குறைந்தால் புளிப்பு, கூடினால் நிறம் கறுத்து நாக்கில் காரமாகப் பிடிக்கும். பத்துப் பேர் பத்து விதமாகத் தடவினால் பத்து விதக் கருப்பட்டி வரும், வியாபாரி அதில் மோசமானதற்குத்தான் விலை பேசுவார். பொது விடிலி வைப்பதன் முதல் லாபம் இந்த ஒரே சீர்தான். இரண்டாவது லாபம் விறகு. புகைபோக்கியும் காற்று வழியும் வைத்துக் கட்டிய அடுப்பில் கிலோவுக்கு 4 கிலோ விறகோடு முடிக்கலாம். மொத்தப் பதநீரையும் காய்ச்சி நாளுக்கு 90 கிலோ எடுக்கும் இடத்தில் 630 கிலோ விறகு 360 ஆகக் குறையும். பொங்கி வழியாமலிருக்க இரண்டு ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடும் பழக்கத்தை மட்டும் எந்தப் புது அடுப்பு வந்தாலும் விடவேண்டாம்.

பருவத்தில் விலை படுத்திருக்கும், மழைக்காலத்தில் எழும். இருப்பு வைத்தவருக்கே லாபம். பனையேறியால் ஏன் வைக்க முடிவதில்லை? மாசிக்கு முன்னாலேயே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார். கருப்பட்டி ஆறுவதற்குள் வியாபாரி சொன்ன விலைக்குப் போய்விடும். ஒருவருக்கு 50,000 ரூபாய் என்றால் பத்துப் பேருக்கு 5 லட்சம். குழு திரட்டும் முதல் 5 லட்சம் இயந்திரத்துக்கா, இந்த முன்பணத்தை அடைக்கவா என்றால், சந்தேகமே வேண்டாம், முன்பணத்துக்குத்தான். அதை அடைக்காமல் வாங்கும் எந்த இயந்திரத்துக்கும் சரக்கு வந்து சேராது.

கலப்படம் தனிக்கதை. கரும்புச் சர்க்கரையைக் காய்ச்சி நிறமேற்றி விற்கும் கருப்பட்டியோடு விலையில் போட்டி போட முடியாது. தண்ணீரில் கரைத்துப் பார், கடித்துப் பார் என்று உலாவும் சோதனைகளை நம்ப வேண்டாம். இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே சுக்ரோஸ்தான். ஆனால் கரும்பும் பனையும் ஒளிச்சேர்க்கையில் வேறு வேறு வழிக்காரர்கள். தேனில் சர்க்கரை கலந்திருக்கிறதா என்று பார்க்கும் கார்பன் ஐசோடோப்பு சோதனை இங்கும் காட்டிக்கொடுத்துவிடும். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் மட்டும் சரக்கைக் காப்பாற்றாது. பருவத்துக்கு ஒரு மாதிரியையாவது சோதனைக்கு அனுப்பி, அறிக்கையைப் பொட்டலத்தோடு காட்டுகிற குழுவுக்குத்தான் அது காசாகும்.

பாட்டில் பதநீர்

காகிதத்தில் அழகாக இருக்கும் யோசனை. சுண்ணாம்பு கலந்த பதநீரை சிட்ரிக் அமிலமிட்டு நடுநிலைக்குக் கொண்டுவந்து, வடிகட்டி, பாட்டிலில் அடைக்க வேண்டும். புளிப்பில்லாத பானம் என்பதால் வெறும் பாஸ்சரைஸ் செய்தால் குளிர்பெட்டியிலேயே விற்றாக வேண்டும், அதுவும் சில நாள்தான். அலமாரியில் மாதக்கணக்கில் நிற்க வேண்டுமானால் 121 டிகிரி அழுத்தக் கலன் வேண்டும். அந்தச் சூட்டில் நிறம் பழுத்து, வாசனை பாகு பக்கம் சாய்ந்துவிடும். குடிக்கிறவர் எதிர்பார்ப்பது காலைப் பதநீர், கிடைப்பது நீர்த்த கருப்பட்டிப் பானம். இதைவிடப் பெரிய சிக்கல், ஆலை ஓடுவது ஐந்து மாதம், வங்கித் தவணை ஓடுவது பன்னிரண்டு மாதம். நாளுக்கு 750 லிட்டரை நம்பி இறங்குகிற காரியமல்ல.

பனங்கற்கண்டும் ஏறத்தாழ இதே வகை. விலை கூடுதல்தான், ஆனால் பாகு படிகமாக நாற்பது நாள் போல் அசையாமல் கிடக்க வேண்டும். அதுவரை பணமும் கிடக்கும். படிகமாகாமல் மிஞ்சும் பாகு மலிவு விலைக்குப் போகும். கைமுதல் உள்ள வியாபாரிக்குச் சரி.

கள் இறக்க விட்டால் எல்லாம் சரியாகும் என்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் 1987 முதல் தடை, எனவே இன்றைய கணக்கில் அது இல்லை. யாழ்ப்பாணத்தில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் கள் விற்பனை நடக்கிறது. அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கள்ளை அல்ல, ஏறுகிறவரிடம் சங்கமே அன்றாடம் அளந்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை.

ஓலை

2019 ஜனவரியில் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபின் இனிப்புக்கடை, கல்யாண வீட்டுப் பெட்டிகளுக்குக் கிராக்கி கூடியிருக்கிறது. மணப்பாட்டு ஓலைப்பொருளும் செட்டிநாட்டுக் கொட்டானும் பெயர் வாங்கியவை. முதலீடு சாயம், கத்தி, நிழல் அவ்வளவே. பெண்கள் வீட்டிலிருந்தே முடையலாம், வருடம் முழுக்க ஓடும். கேடு இரண்டு. சரியாகக் காயாத ஓலையில் முடைந்த பெட்டி, பொட்டலத்துக்குள் பூஞ்சை பூத்துவிடும், ஓர் ஆர்டரே திரும்பி வரும். மற்றது, ஓலைக்காக ஒரே மரத்தில் குருத்தை மேலும் மேலும் வெட்டினால் பாளை மெலியும். ஓலைக்கு வடலிகளை, அதாவது உயரம் வராத இளம் பனைகளை, ஒதுக்கிவிட்டுப் பதநீர் மரங்களைத் தொடாமல் விடுவதே வழி. ஓலை வெட்டவும் ஏறத்தான் வேண்டும் என்பார்கள். வடலியில் தரையிலிருந்தே எட்டும்.

கிழங்கு

பனங்கிழங்கைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை, ஆனால் முதல் வருடமே பணம் காட்டுவது இதுதான். ஏற வேண்டாம், விறகு வேண்டாம், கடன் வேண்டாம். ஆடி, ஆவணியில் பழம் தானே விழும். சதையை நீக்கிய கொட்டைகளைத் தளர்ந்த மணலில் முழங்கால் உயரத்துக்கு மேடுகட்டி நெருக்கமாக அடுக்கி, மண் போட்டு, மழை இல்லாத நாளில் லேசாக நீர் தெளித்தால் போதும். தை பிறக்கும்போது தோண்டலாம். 10,000 கொட்டையில் 7,000 கிழங்கு தேறி, பாத்தியடியில் 3 ரூபாய்க்குப் போனாலும் 21,000. தண்ணீர் தேங்கினால் அழுகும், ஆகவே மேடு தாழ்வான இடத்தில் வேண்டாம். காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் முடித்துவிடும், முள்வேலி அவசியம்.

பொங்கல் முடிந்த மறுவாரம் விலை சரிவதுதான் இதன் பலவீனம். பிந்தித் தோண்டினால் நாரோடிக் கிழங்கு கடிக்க முடியாததாகும். ஆகவே மூன்று பாத்தியை மூன்று வார இடைவெளியில் போடலாம். விற்காத கிழங்கை அவித்துக் கீறிக் காயவைத்தால் யாழ்ப்பாணத்தார் சொல்லும் புழுக்கொடியல், அவிக்காமல் காயவைத்தால் ஒடியல். ஒடியல் மாவுக்குக் கசப்பு இருக்கும், தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டே கூழுக்கு எடுப்பார்கள். இங்கே புதிதாகச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர்கள் புழுக்கொடியலில் தொடங்குவதே நல்லது.

அதனால் எங்கள் வரிசை இப்படி. இந்த ஆவணியில் கிழங்குப் பாத்தி. தையில் அந்தப் பணத்தோடு கூட்டுக் கடனும் சேர்த்து முன்பணத்தை அடைப்பது, பத்துப் பேரையும் பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவது. மாசிக்குள் பொது விடிலியும் ஒரே சுண்ணாம்பு அளவும். உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிய சட்டப்படி குறைந்தது 10 உற்பத்தியாளர்கள் வேண்டும். அந்த எண்ணிக்கை கையில் இருக்கிறது என்பதற்காக முதல் வருடமே பதிந்து தணிக்கைச் செலவைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு பருவம் நோட்டில் ஓடட்டும். அந்த நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம், நாலு கட்டம்: இறக்கிய லிட்டர், கடைக்குப் போனது, கொப்பரைக்குப் போனது, கையில் கொடுத்த பணம். நாலாவது கட்டம் ஒரு வாரத்துக்கு மேல் காலியாக இருந்தால் அந்த ஆள் மறுபடி வியாபாரி வீட்டு வாசலில் நிற்பார்.