நாகர்கோவிலில் மெமரி கார்டு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

போன மாதம் தக்கலை பக்கத்தில் எங்கள் பாட்டாவுக்கு 80 வயது நிறைந்த விழா. சவுதி, குவைத் என்று பிழைக்கப் போன பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் லீவு போட்டு வந்திருந்தார்கள். படம் எடுக்கிற பொறுப்பு என்னுடையது.

முந்தின நாள் நாகர்கோவிலில் ஒரு கடையில் 128 ஜிபி கார்டு கேட்டேன். விலை ரொம்பக் குறைவாக இருந்தது. "தைரியமா கொண்டு போங்க தம்பி, ஒரிஜினல்தான். பில் வேண்டாம்னா இன்னும் 50 ரூபாய் குறைக்கேன்" என்றார் கடைக்காரர். சரி என்று வாங்கிவிட்டேன். அது என் தவறு.

விழாவில் ஆயிரத்துக்கும் மேல் எடுத்தேன். எடுத்தவுடன் கேமரா திரையில் ஒவ்வொன்றும் அழகாகத் தெரிந்தது. ராத்திரி கணினியில் போட்டால், பந்தி வரைக்கும் சரி. அதற்குப் பிறகு ஒரு படமும் திறக்கவில்லை. பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. சரியாக அந்த எல்லையில் மாட்டியது பாட்டாவின் படம். நெற்றியும் மூக்குக்கண்ணாடியும் இருக்கின்றன. கண்ணாடிக்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம்.

திருப்பிக் கொண்டுபோய்க் கேட்டேன். "உங்க கேமராவுக்கு இந்தக் கார்டு ஒத்துவராது தம்பி, அதான்" என்றார். இது தவறான பதில். 32 ஜிபிக்கு மேற்பட்டவை எஸ்டிஎக்ஸ்சி வகை. 32 ஜிபி வரையுள்ள எஸ்டிஹெச்சி வகையை மட்டும் ஏற்கும் பழைய கேமராவில் போட்டால் பொதுவாகத் தொடக்கத்திலேயே பிழை காட்டும். பாதி விழாவை எழுதிவிட்டு மீதியை விழுங்காது. என் கேமராவின் கையேட்டில் எஸ்டிஎக்ஸ்சி என்று தெளிவாகவே இருக்கிறது.

ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச விண்டோஸ் மென்பொருளில் சோதித்ததும் விஷயம் தெரிந்தது. உண்மையில் எழுத முடிந்தது 7 ஜிபி சொச்சம். சின்ன சிப்பை வைத்து, 128 என்று பொய் சொல்லும்படி அதை மாற்றியிருக்கிறார்கள். இடம் தீர்ந்த பிறகும் கார்டு "எழுதிவிட்டேன்" என்றே கேமராவிடம் சொல்கிறது. எடுத்தவுடன் திரையில் வரும் படம் கேமராவின் தற்காலிக நினைவிலிருந்து வருவதால் அந்த நேரத்தில் கண்டுபிடிக்கவும் வழியில்லை. ரெக்கவரி மென்பொருளும் உதவாது, எழுதப்படாததை எங்கிருந்து மீட்பது?

அதனால் புதுக் கார்டு எதுவானாலும் விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னமே வாங்கி, முழுக்க நிரப்பிச் சோதியுங்கள். 128 ஜிபிக்கு சில மணி நேரம் ஆகும், ஆகட்டும். மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதே சோதனைக்கு எஃப்3 என்ற மென்பொருள் இருக்கிறது. அப்புறம், அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகம். வீடியோவுக்கு வி30 குறியைப் பாருங்கள், நொடிக்கு 30 எம்பி குறையாமல் எழுதும் என்று அர்த்தம். சாதாரண 4கே எடுக்க அது போதும்.

நேற்றும் அந்தக் கடை வழியாகத்தான் வந்தேன். அதே கார்டு முன்வரிசையில் தொங்குகிறது. கல்யாணம், கோயில் கொடை என்று அவசரமாக வாங்கப் போகிறவர்கள் 50 ரூபாய் போனாலும் பரவாயில்லை, பில்லைக் கேட்டு வாங்குங்கள்.